சாளையில் ஒன்று பாக்கி

"மூடியத் தெறங்க" என்றாள் ஷைஜா.

யாரும் அசையவில்லை. அவளே ஃப்ரீசர் பெட்டியின் ஓரத்தில் விரல் கொடுத்துக் கண்ணாடி மூடியைத் தூக்கினாள். ஒரு பக்கம் எழும்பியது. மறுபக்கம் கொக்கியில் மாட்டிக்கொண்டு நின்றது. மேலே கிடந்த மாலைகள் சரிந்து தரையில் விழுந்தன.

"ஏட்டி, என்ன செய்யுத நீ?" ஜெயசிங் மாமா பந்தலிலிருந்து செருப்போடு உள்ளே ஓடி வந்தார். ஷைஜாவின் புருஷன், செத்துப்போன ஷாஜனுக்குத் தாய்மாமன் அவர். அடக்கக் காரியம் முழுக்க அவர் தலையில்தான். "பிள்ளைக்கு புத்தி கலங்கிட்டு. பிடிங்க யாராவது."

இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்தார்கள். அப்போது மறுபடியும் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து, ஷாஜனின் நெஞ்சுப் பக்கமிருந்து, மெல்லிசாக ஒரு மணிச் சத்தம்.

டிங்.

பிடித்த கைகள் தாமாக விட்டுவிட்டன. சுவரோரம் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியில் நிறுத்தினார்கள்.

"நான்தான் வச்சேன்." தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஷாஜனின் அம்மா சத்தியபாய், புரை விழுந்த கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே சொன்னாள். "செல்போன கோட்டுப் பாக்கெட்டுல நான்தான் வச்சேன். அது இல்லாம எம்பிள்ள கக்கூசுக்குக்கூட போவமாட்டான். அம்புட்டுத் தூரம் எப்பிடிப் போவான்?"

ஜெயசிங் மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவரே கொக்கியை விடுவித்தார்.

குளிர் முகத்தில் அடித்தது. கலியாணத்துக்குத் தைத்த கோட்டு. பொத்தான் பூட்டவில்லை, வயிறு பெருத்துவிட்டது. ஷைஜா உள்பாக்கெட்டில் கைவிட்டாள். மீன்பெட்டியில் ஐஸுக்கு அடியில் கைவிட்டது போலிருந்தது. போனை எடுத்துச் சேலைக்குள் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

அவளுக்கு அந்தப் போன் வேண்டும். பொழுது சாய்வதற்குள் வேண்டும்.

இருட்டோடு மீன் எடுக்கக் குளச்சலுக்குக் கிளம்பிப் போனவன் ஷாஜன். ரப்பர் வெட்டப் போன சுயம்புலிங்கம்தான் முதலில் பார்த்திருக்கிறார். டெம்போவின் விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடுகிறது, ஷாஜன் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடக்கிறான். விளக்கையும் வண்டியையும் அணைத்து, சாவியை உருவிக்கொண்டு ஓடிவந்து வீட்டுக் கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். பின்சீட்டில் அவள் மடியில் தலை வைத்தபடி அவன் கண் திறந்தான்.

"போனப் பாரு ஷைஜா. சாளையில ஒண்ணு பாக்கி கெடக்கு. இன்னைக்கே..."

"பேசாதிய. ஆஸ்பத்திரி வந்தாச்சு."

ஆஸ்பத்திரி வந்திருக்கவில்லை. பாதி வழிகூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். கலியாணமான நாளிலிருந்து அவள் சொன்னதை எதிர்ப்பேச்சுப் பேசாமல் அவன் கேட்டது அது ஒரு தடவைதான்.

ஒரு நிமிஷம் பேச விட்டிருந்தால் என்ன? விடிந்ததிலிருந்து அவள் அதையேதான் மென்றுகொண்டிருந்தாள்.

அவன் சொன்ன சாளை எதுவென்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே தெரியும். ஷாஜன் முன்னெல்லாம் வேலைகளை உள்ளங்கையில் எழுதி வைப்பான். ஏலக்களத்தில் ஐஸில் கைவிட்டதும் எல்லாம் கரைந்துபோகும். பள்ளிக்கூட ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிற ஷைஜா, அவன் போனில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றை ஏற்றி, அழகாக மூன்று ஃபோல்டர் போட்டுக் கொடுத்தாள். அவசரம், முக்கியம், பிறகு.

அவன் ஒரு வாரம் பார்த்தான். "எல்லாமே அவசரந்தான் ஏட்டி. எது நாறும், எது நாறாதுன்னு சொல்லு. அப்ப எனக்கு வெளங்கும்" என்றான். மறுநாள் பார்த்தால் பேரையெல்லாம் மாற்றியிருந்தான். சாளை, நெய்மீன், கருவாடு என்று மீன் பேர்கள். சாளை என்றால் அன்றைக்கே முடிக்க வேண்டியது, வைத்தால் நாறிவிடும். நெய்மீன், கை கடிக்கிற பெரிய செலவு. கருவாடு, எத்தனை நாள் கிடந்தாலும் கெடாது. ஷைஜாவை ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே கருவாட்டில்தான் கிடந்தது.

"என்னைய காய வச்சிட்டிய" என்பாள் அவள்.

"காஞ்சாத்தான் ருசி" என்பான்.

சாளையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. ராத்திரி படுக்கப் போகுமுன் அந்த ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். "நேத்தைய சாளைய இன்னைக்கு விக்கப்படாது, கேட்டியா." கரண்டு போனாலும் சரி, காய்ச்சலடித்தாலும் சரி, அதை முடிக்காமல் பாயில் சாய மாட்டான்.

அப்படிப்பட்டவன்தான் ஒன்று பாக்கி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அடுப்பு மூட்டாத அடுக்களை. ஷைஜா போனைத் துடைத்தாள். உள்ளேயும் புகை படிந்தாற்போல் கண்ணாடி மங்கிக் கிடந்தது. பூட்டுக்கு இழுக்கிற கோடு அவளுக்குத் தெரியும். சாளையைத் திறந்தாள்.

இன்றைக்கு என்று அவன் எழுதி வைத்தவை இருந்தன. ஐஸ் சொல்லணும். அந்த வரியின் மேல் கோடு விழுந்திருந்தது. முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அம்மாவுக்கு கண்ணு மருந்து. அதன்மேலும் கோடு.

பிளஸ்ஸி சைக்கிள் பஞ்சர்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் விரல் படாமலே, அந்த வரியின் குறுக்கே இடமிருந்து வலமாக ஒரு கோடு ஓடியது.

டிங்.

ஷைஜா போனைத் தரையில் போட்டுவிட்டாள். முன்னறையில் ஐஸ்பெட்டிக்குள் கிடக்கிறவனின் வேலையை யார் முடிப்பது? குனிந்து எடுத்தாள். கீழே இன்னொரு வரியின் தலை மட்டும் தெரிந்தது. விரலால் மேலே தள்ளப் போனாள். திரை ஒருமுறை வெட்டியது. கறுத்துப்போனது. அழுத்திப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். ம்ஹும்.

பின்கதவு வழியே முற்றத்துக்கு ஓடினாள். மகள் பிளஸ்ஸியின் சைக்கிள் வேலியோர முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றது. நேற்று பின்சக்கரம் சப்பிக் கிடந்ததை அவளே பார்த்தாள். இப்போது கல் மாதிரி இருந்தது. டயரில் ஈர மண். யாரோ கடைவரைக்கும் உருட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

மாமியிடம் வந்தாள். சத்தியபாயின் மூடிய கைக்குள் அட்டை பிரிக்காத கண் மருந்து.

"இது யாரு தந்தா மாமி?"

"ஆருக்குத் தெரியும்? ஒரு சின்னப் பய கொண்டாந்து கையில வச்சிட்டுப் போனான். கண்ணு தெரிஞ்சா எனக்கு மருந்து என்னத்துக்கு?"

பந்தலில் பேச்சு வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே காதில் விழுந்தது.

"குளச்சலுக்குப் போறவன் தெக்கால்லா திரும்பணும்? வண்டி வடக்க வளைவுலல்லா நிக்கி?"

"வடக்க என்ன இருக்கு? ரப்பர் தோட்டமும் அஞ்சாறு வீடும்."

"அந்த அஞ்சாறு வீட்டுல யாரு வீடோ."

சிரிப்புச் சத்தம் வந்து, சாவு வீடு என்று நினைவு வந்ததுபோல அடங்கியது. ஷைஜாவுக்கு உச்சந்தலை சுட்டது. அவன் போனுக்குள் இன்னொரு ஆளின் விரல் நடமாடுகிறது. வண்டி போகக் கூடாத பக்கம் போய் நிற்கிறது. அவனோடு இத்தனை காலம் படுத்து எழுந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அந்தப் போன இங்க தா."

பெமிலா நின்றுகொண்டிருந்தாள். ஷாஜனின் அண்ணன் நேசமணியின் பெண்டாட்டி. காலையிலேயே வந்துவிட்டாள். வந்தது அவள் மட்டும்தான்.

"தண்ணி ஏறியிருக்கும். அரிசிக்குள்ள புதைச்சு வையி, சாயங்காலம் உசிரு வந்திரும்." சொல்லிவிட்டு அவளே அரிசிப் பானையைத் திறந்து போனை உள்ளே அழுத்தி, கையால் அரிசியைத் தள்ளி மூடினாள். எழுந்தவள் ஷைஜாவின் முகத்தைப் பார்த்தாள். "கோடு விழுந்ததப் பாத்தியா?"

ஷைஜா தலையாட்டினாள்.

"வேற யாருமில்ல பிள்ளே. எங்க வீட்டு ஆளாக்கும்."

"நேசமணி அத்தானா?"

"பைய பேசு."

நேசமணியும் ஷாஜனும் பேச்சு நின்று ஆறு வருஷம். முன்பு ஒரே டெம்போவில் போய் ஒரே ஏலத்தில் மீன் எடுத்தவர்கள். தம்பி ஓட்டுவான், அண்ணன் இடது சீட்டில். திருச்சபைத் தேர்தல் வந்தது. நேசமணி செயலாளருக்கு நின்றார். ஷாஜன் எதிர் அணிக்குப் போனான். அண்ணன் தோற்றார். ஆலயத்துப் படியில் பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, "இனி அவன் வாசல மிதிக்கமாட்டேன். அவங்கூட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றார். தம்பியும் சளைக்கவில்லை. "அவரு பேசாம நான் பேசினா எம்பேரு ஷாஜன் இல்ல." அன்றோடு அண்ணன் உட்கார்ந்த இடது சீட்டில் மீன்பெட்டிகள் ஏறின. இறங்கவே இல்லை.

"மாமிக்கு இடுப்பு எலும்பு ஆப்பரேசன் நடந்துதே, ஓர்மை இருக்கா?" பெமிலா சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரே மருந்த ரெண்டு வாட்டி வாங்கிட்டு வந்தாவ. மறுநாள் ரெண்டு பேருமே வாங்கல. இவன் வாங்குவான்னு அவரு, அவரு வாங்குவாருன்னு இவன். நடுவுல கெழவி கெடந்து முனகுது. எனக்குக் கோவம் வந்துட்டு. ரெண்டு போனையும் பிடுங்கி அந்தச் சாளைய ரெண்டுலயும் தெரியுத மாதிரி கோத்து விட்டேன். பேசத்தானே மாட்டிய, எழுதினா என்னன்னு கேட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உங்கிட்ட சொல்லப்படாதுன்னு ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்ட சத்தியம் வாங்கினாவ. வெக்கமாக்கும்." பெமிலா கையிலிருந்த அரிசித் தூசியைத் தட்டினாள். "இவன் எழுதுவான், அவிய முடிச்சுக் கோடு போடுவாவ. அவிய எழுதுவாவ, இவன் கோடு போடுவான். ராத்திரி படுக்கும்போ காலியாயிட்டான்னு அவியளும் ஒருக்கா பாப்பாவ. காலையிலயிருந்து எங்கூட ஒரு வார்த்த பேசல ஷைஜா. எழுந்து போறாவ, எதையோ முடிச்சிட்டு வாறாவ, ரோட்டுல நிக்காவ. பாரு."

ஷைஜா ஜன்னலுக்குப் போனாள். பந்தலுக்கு எதிர்ப்பக்கம் கரண்டுக் கம்பத்தை ஒட்டி நேசமணி நின்றிருந்தார். வெயில் நேராக முகத்தில். கையில் சைக்கிள் கடைக் கரி அப்பியிருந்தது. வாசலுக்கு ஒரு ரோட்டு அகலம்தான் தூரம். மிதிக்கவில்லை.

போதகர் வந்தார். ஜெபம் பண்ணினார். சவப்பெட்டியைத் தூக்கும்போது சத்தியபாய், "போன வச்சாச்சா, போன வச்சாச்சா" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். "வச்சாச்சு மாமி" என்று ஷைஜா பொய் சொன்னாள். கல்லறைத் தோட்டம்வரை நேசமணி கூட்டத்துக்குப் பின்னால் தள்ளியே நடந்து வந்தார். எல்லாரும் மண் போட்டுத் திரும்பிய பிறகு, அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினார். போடவில்லை. வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குழியை மூடுகிறவன் மண்வெட்டியோடு காத்திருந்துவிட்டு, "அண்ணாச்சி" என்று மெதுவாகக் கூப்பிட்ட பிறகுதான் விரல்கள் விரிந்தன.

வீடு திரும்பியதும் ஷைஜா முகம்கூடக் கழுவாமல் அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் பெட்டிக்காரன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பிடுங்கிய பிளக்கிலேயே போனைச் செருகினாள்.

உயிர் வந்தது. சாளையைத் திறந்தாள். எல்லா வரியிலும் கோடு. கடைசி வரியில் மட்டும் இல்லை.

*காலையில போவும்போ என்னையும் ஏத்திக்க. கேட்டுல நிப்பேன்.*

அதற்குக் கீழே பொடி எழுத்தில், எழுதியது யார் என்று ஆப் தானாகக் காட்டியது. நேசமணி. நேற்று ராத்திரி.

ஷைஜா சுவரில் சாய்ந்தாள். நேற்று ராத்திரி ஷாஜன் போனைப் பார்த்துவிட்டு எழுந்து போய் வெளியே ரொம்ப நேரம் டெம்போவுக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். என்ன செய்யுதிய என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல ஏட்டி, நீ ஒறங்கு" என்றான். காலையில் அவள் போட்டுக் கொடுத்த பால் சேர்க்காத கட்டன்சாயாவை ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, "டம்ளரு ரெண்டு எடு" என்றான். அரைத்தூக்கத்தில் எடுத்துக் கொடுத்தாள். ஏன் ரெண்டு என்று கேட்கவில்லை.

வடக்கு வளைவு தாண்டினால் அஞ்சாறு வீடு. அதில் ஒன்று அண்ணன் வீடு.

ஆணியில் தொங்கிய டெம்போ சாவியை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" ஜெயசிங் மாமா வாசலை மறித்தார். "மண்ணு போட்ட ஈரம் காயல. ஊரு என்ன சொல்லும்? வண்டிய எடுக்க ஆளு சொல்லியிருக்கேன்."

"நான்தான் மாமா எடுக்கணும்."

"உனக்கு ஓட்டத் தெரியுமாட்டி?"

"முத்தத்துல திருப்பி நிறுத்தச் சொல்லித் தந்திருக்காவ. அம்புட்டுத் தூரந்தான் போவணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, விலகினார்.

கம்பத்தடியில் நேசமணி மறுபடியும் வந்து நின்றிருந்தார். ஷைஜா ரோட்டைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றாள். ஆறு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. தாடையெலும்பு அப்படியே ஷாஜன்.

"அத்தான். நீங்க போயி உங்க கேட்டுல நில்லுங்க."

அவர் கண் அவள் கையிலிருந்த போனுக்குப் போனது. பிறகு சாவிக்கு. திரும்பி வடக்கே நடந்தார்.

அவர் போய்ச் சேரட்டும் என்று ஷைஜா மெதுவாகப் பின்னால் போனாள். வளைவில் டெம்போ, விடிகாலை நின்ற இடத்திலேயே நின்றது. ஐஸ் உருகி அடியில் மண் கறுத்திருந்தது. கதவைத் திறந்தாள்.

இடது சீட்டில் மீன்பெட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பின்னால் போய்விட்டன. சோப்புப் போட்டுக் கழுவிய சீட்டு. அதன்மேல் வெள்ளைத் துவர்த்துத் துண்டு ஒன்று, நாலாக மடித்து விரித்திருந்தது. பக்கத்தில் ஃப்ளாஸ்க். ரெண்டு டம்ளர், ஒன்றுக்குள் ஒன்று.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாளோ. வெளியே இருட்டத் தொடங்கியது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டாள். வெளிச்சம் நேராகப் பாய்ந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஒரு பச்சைக் கேட்டில் போய் விழுந்தது. கேட்டின் முன்னால் நேசமணி நின்றார். சட்டைப் பொத்தான்வரைக்கும் தெரிந்தது.

முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனாள். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றது. குனிந்து இடது கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க அத்தான்."

அவர் ஏறினார். ஏறுமுன் துவர்த்தைக் கையில் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். நாள் முழுக்கப் பேசாத தொண்டை கரகரத்தது.

"காலையிலயும் இப்பிடித்தான் வெளிச்சம் வந்துது."

ஷைஜா திரும்பினாள்.

"நான் இங்ஙனதான் நின்னேன். வளைவுல வந்து நின்னுது. எம்மேலதான் அடிச்சுது. வண்டி வரல." துவர்த்தைத் திருகினார். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு மனசு வராம நிக்கான்னு நெனச்சேன். போவலாமான்னு ஒரு எட்டு வச்சேன். வேண்டாம், அவனே வரட்டும்னு நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல வெளக்கு அணைஞ்சுது. சரி, வரமாட்டான்னு உள்ள போயிப் படுத்துட்டேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பூச்சிகள் வந்து மோதின.

நேசமணி கதவை இழுத்துச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். கரி படிந்த கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தொட்டார்.

ஷைஜாவின் மடியில் கிடந்த போன் டிங் என்றது.

அவள் எடுத்துப் பார்க்கவில்லை. ஃப்ளாஸ்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கியரைத் தேடினாள்.